மூடிய ஹெட்போன் வாங்கப் போகிறீர்களா? எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் பார்ப்பது

காரைக்குடியில் கல்யாண வீடியோவுக்கு ஒலி பதிவு செய்து எடிட் பண்ணுவது என் வேலை. மண்டபத்தில் தலையில் ஹெட்போன், வீட்டுக்கு வந்தால் இரண்டாம் கட்டு அறையில் ஹெட்போன், சென்னைக்குக் கிளம்பினால் பல்லவன் எக்ஸ்பிரஸிலும் அதே ஹெட்போன். அதனால் புதிதாக வாங்க நினைக்கிறவர்கள் வந்து கேட்பார்கள், வாங்கிவிட்டு "சரியில்லை" என்று கொண்டு வந்து காட்டுகிறவர்களும் உண்டு. அப்படி வந்தவற்றில் உண்மையிலேயே பழுதானவை மிகக் குறைவு. பார்த்த வரிசைதான் தப்பு. முதலில் பிராண்ட், அப்புறம் விலை, அப்புறம் கடையில் ஒரு பாட்டு, தலையில் சரியாக உட்காருகிறதா என்பது மட்டும் வீட்டுக்கு வந்த பிறகு.

நான் சொல்லும் வரிசை இதற்கு நேர் எதிர். முதலில் உங்கள் தலையும் காதும், அடுத்து சத்த அளவைச் சமமாக்குவது, அதன் பிறகுதான் ஒலி எப்படி என்ற பேச்சு.

மூடிய ஹெட்போன் என்றால் காதுக் கிண்ணத்தின் வெளிப்பக்கம் ஓட்டையோ வலையோ இல்லாமல் முழுக்க அடைத்த வகை. வெளிச் சத்தம் உள்ளே வருவது குறையும், உங்கள் பாட்டு பக்கத்து சீட்டுக்காரருக்குப் போவதும் குறையும். வெளியில் கொண்டு போக இதுதான் வேண்டும்.

1. எங்கே, எத்தனை மணி நேரம் என்று எழுதுங்கள்

ஒரு தாளில் எழுதுங்கள், மனக்கணக்கு வேண்டாம். பஸ்ஸில் எத்தனை மணி நேரம், வீட்டில் எத்தனை, வேலையில் எத்தனை. "எல்லாத்துக்கும் ஆகணும்" என்று சொல்லி வருகிறவர்கள்தான் கடைசியில் எதற்கும் சரிவராத ஒன்றை வாங்கிப் போகிறார்கள்.

காரணம் இது. மூடிய கிண்ணமும் பஞ்சும் சேர்ந்து தடுப்பது பெரும்பாலும் பேச்சு, பாத்திரச் சத்தம், ஹாரன் மாதிரியான நடு, உச்ச ஒலிகளை. பஸ் எஞ்சினின் உறுமல், ரயிலின் கடகடப்புக்கு அடியில் ஓடும் அந்தக் கனத்த இரைச்சல், இவை கிண்ணத்தைத் தாண்டி வந்துவிடும். சத்தம் நீக்கும் மின்னணு வசதி உள்ள ஹெட்போன் நேர்மாறு. தாழ்ந்த, சீரான இரைச்சலை அது நன்றாக அழுத்தும், பக்கத்தில் ஒருவர் சட்டென்று பேசினால் அவ்வளவாகத் தடுக்காது. ஆகவே தினமும் தேவகோட்டையிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு பஸ்ஸில் வருகிற மாணவருக்கு நல்லதும், மண்டபத்தில் நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் நின்று பதிவைக் கண்காணிக்கிற எனக்கு நல்லதும் ஒன்றாக இருக்காது.

வீட்டில் கேட்பவர்களும் இதை யோசிக்க வேண்டும். நம் செட்டிநாட்டுப் பக்கத்து வளவு (முற்றம்) வைத்த வீடுகளில் வழவழப்பான சுண்ணாம்புச் சுவர், ஆத்தங்குடிக் கல் தரை, உயரமான கூரை. ஸ்பீக்கர் வைத்தால் எதிரொலிதான் அதிகம் கேட்கும். அங்கே ஹெட்போன்தான் வழி, ஆனால் அமைதியான உள் அறையில் கேட்பவருக்குச் சத்தம் நீக்கும் வசதிக்குக் காசு கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை. அந்தப் பணம் நல்ல பேடுக்கும் (காதைச் சுற்றிப் படும் மெத்தை) நல்ல ஒலிக்கும் போகட்டும்.

2. வயரா, ப்ளூடூத்தா என்பதை இங்கேயே முடித்துவிடுங்கள்

வீடியோ எடிட், பதிவைக் கண்காணிப்பது, கீபோர்டு வாசிப்பது, இதில் ஏதாவது ஒன்று உங்கள் தாளில் இருந்தால் வயர் கட்டாயம். வழக்கமான ப்ளூடூத்தில் ஒலி சுமார் 200 மில்லி செகண்டு பிந்தி வரலாம். நொடிக்கு 25 ஃப்ரேம் ஓடும் வீடியோவில் ஒரு ஃப்ரேம் 40 மில்லி செகண்டு. அப்படியானால் ஐந்து ஃப்ரேம் பிந்திய ஒலியைக் கேட்டுக்கொண்டு வெட்டுவீர்கள். தாலி கட்டும் நேரத்துக் கெட்டிமேளம் ஐந்து ஃப்ரேம் தள்ளி விழுந்தால் பார்ப்பவர் கண்ணுக்கு உடனே தெரியும். வீடியோ பார்க்கும் செயலிகள் படத்தையும் கொஞ்சம் தாமதித்து இதைச் சரிக்கட்டும், அதனால் படம் பார்க்கையில் குறை தெரியாது. நேரடிப் பதிவில் அப்படிச் சரிக்கட்ட வழியே இல்லை.

வெறும் கேட்பதற்கு என்றால் ப்ளூடூத் தாராளமாகப் போதும். கோடெக், அதாவது ப்ளூடூத்தில் ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை, அதில் ஒன்று மட்டும் பாருங்கள்: ஐபோனில் ஏஏசி என்ற முறை உண்டு, எல்டேக் என்ற முறை கிடையாது. ஐபோன் வைத்திருப்பவர் ஹெட்போன் பெட்டியில் எல்டேக் என்று போட்டிருப்பதற்காகக் கூடுதல் பணம் கொடுப்பதில் பயன் இல்லை.

3. எதில் செருகப் போகிறீர்கள்

வயர் என்று முடிவு செய்தவர்கள் தங்கள் போனில் 3.5 மி.மீ. துளை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சி-டைப் டாங்கிள் வேண்டும். டாங்கிளில் இரண்டு வகை. ஒன்று உள்ளே சிறு ஒலிச் சில்லு உள்ளது. இன்னொன்று வெறும் வயர் மாற்றி, போனே ஒலியை அனுப்ப வேண்டும். இரண்டாவது வகை எல்லாப் போனிலும் வேலை செய்யாது. வாங்கும்போது "டேக் உள்ளதா" (டேக் என்பது அந்தச் சில்லுதான்) என்று கேட்டு, சில்லு உள்ளதையே வாங்குங்கள், அதைக் கடைக்கே எடுத்துக்கொண்டு போங்கள். வேறு கருவியில் கேட்டுவிட்டு வீட்டில் உங்கள் போனில் போட்டால் ஒப்பீடு அங்கேயே கெட்டுப்போகும்.

போனில் உள்ள ஒலி மெருகூட்டும் அமைப்புகள், பேஸ் பூஸ்ட் (பேஸ் என்ற தாழ்ந்த ஒலியை ஏற்றுவது), சுற்றொலி, எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். பழைய மலிவு இயர்போனுக்காக எப்போதோ பேஸ் ஏற்றி வைத்திருப்பீர்கள், அது புது ஹெட்போனிலும் சேர்ந்து ஏறும்.

4. பெட்டியில் உள்ள எண்களில் பார்க்க வேண்டியவை இரண்டே

இம்பீடன்ஸ், அதாவது மின்சாரத்துக்கு ஹெட்போன் காட்டும் தடை எத்தனை ஓம். சென்சிட்டிவிட்டி, அதாவது ஒரு மில்லிவாட்டுக்கு எத்தனை டெசிபல். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் உங்கள் போன் அந்த ஹெட்போனைப் போதிய சத்தத்துக்கு ஓட்டுமா என்று தெரியும். ஓம் மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுப்பது பாதி வேலை.

கணக்கு எளிது. ஆயிரத்தை ஓமால் வகுத்து, அதன் லாகை (பத்தடிமான மடக்கை) எடுத்து, பத்தால் பெருக்கி, சென்சிட்டிவிட்டியோடு கூட்டுங்கள். ஒரு வோல்ட் கொடுத்தால் எத்தனை டெசிபல் வரும் என்று கிடைக்கும். ஆடியோ-டெக்னிக்கா எம்50எக்ஸ் 38 ஓம், 99 டெசிபல். கூட்ட வேண்டியது 14.2, ஆக சுமார் 113. பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோவின் 250 ஓம் மாதிரி 96 டெசிபல், கூட்ட வேண்டியது 6, ஆக 102. ஒரே போன், ஒரே வால்யூம், ஆனால் 11 டெசிபல் வித்தியாசம். 10 டெசிபல் குறைந்தால் காதுக்குக் கிட்டத்தட்டப் பாதிச் சத்தமாகத் தெரியும். அதே டிடி 770 ப்ரோவில் 80 ஓம் மாதிரி உண்டு, 32 ஓம் மாதிரியும் உண்டு. பெயரை மட்டும் பார்த்து ஆர்டர் போட்டு 250 ஓம் வந்து சேர்ந்தால், ஹெட்போனில் குறை எதுவும் இருக்காது, போனில் மட்டும் சத்தம் பற்றாது.

மற்ற எண்களை விட்டுவிடுங்கள். "5 முதல் 40,000 ஹெர்ட்ஸ்" என்று போட்டிருப்பார்கள். எத்தனை டெசிபல் ஏற்ற இறக்கத்துக்குள் என்று சொல்லாதவரை அதற்குப் பொருள் இல்லை, அதோடு மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கேட்காது. டிரைவர் என்பது கிண்ணத்துக்குள் ஒலி எழுப்பும் சிறு ஸ்பீக்கர், அது 50 மி.மீ. இருந்தால் 40 மி.மீ. டிரைவரைவிட நல்லது என்பதும் இல்லை.

எடையைப் பாருங்கள். வயர் இல்லாமல் எம்50எக்ஸ் 285 கிராம், எம்40எக்ஸ் 240 கிராம், காதின் மேல் உட்காரும் சென்ஹைசர் எச்டி 25 வெறும் 140 கிராம். கையில் தூக்கினால் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. முகூர்த்தம் முடிந்து பந்தி ஓடும்வரை தலையில் இருந்தால் கழுத்துக்குத் தெரியும்.

5. மூன்றுக்கு மேல் பட்டியல் வேண்டாம்

காதின் நினைவு மிகக் குறுகியது. நான்காவது ஹெட்போனைப் போடும்போது முதலாவது எப்படி இருந்தது என்று யாருக்கும் சரியாக ஞாபகம் இருக்காது, எனக்கும் இருக்காது. மூன்றாகக் குறைத்துக்கொண்டு போங்கள்.

குறைப்பதற்கு அலைவெண் வரைபடங்கள் (தாழ்ந்த ஒலி முதல் உச்ச ஒலி வரை எது எவ்வளவு சத்தமாக வருகிறது என்று காட்டும் கோடு) உதவும், ஒரு நிபந்தனையோடு: எல்லா வரைபடமும் ஒரே ஆள் ஒரே கருவியில் எடுத்ததாக இருக்க வேண்டும். வேறு வேறு இடத்தில் எடுத்த இரண்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் கருவியின் வித்தியாசத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். வரைபடத்தில் மூன்று இடம் போதும். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே எவ்வளவு தூக்கியிருக்கிறது, 3,000 ஹெர்ட்ஸ் சுற்றி இயல்பான மேடு இருக்கிறதா (அது இருக்க வேண்டும், நம் காதின் அமைப்பே அங்கே ஒலியைத் தூக்கும், அது இல்லாத ஹெட்போனில் குரல் அறைக்கு வெளியிலிருந்து வருவது போல இருக்கும்), 6,000 முதல் 10,000 வரை கூரான முள் எதுவும் நீட்டிக்கொண்டிருக்கிறதா. அந்த முள்தான் "ஸ்", "ச்" சத்தங்களைக் காதில் குத்த வைக்கும்.

6. எடுத்துப் போக வேண்டியவை

உங்கள் போன், டாங்கிள், நீங்கள் போடும் கண்ணாடி, வழக்கமாகப் போடும் தோடு அல்லது ஜிமிக்கி. பாட்டுகள் போனிலேயே இறக்கி வைத்ததாக இருக்கட்டும், கடையில் நெட் தடுமாறினால் தரம் இறங்கிவிடும். கடையில் போடும் பாட்டில் சோதிக்காதீர்கள். எந்த ஹெட்போனிலும் நன்றாகக் கேட்கும் பாட்டாகப் பார்த்து வைத்திருப்பார்கள்.

நான் கொண்டு போவது நான்கு துண்டு, ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்குள். ஆண் குரலில் வெறும் பேச்சு. பெண் குரலில் மெதுவான பாட்டு, இசை குறைவாக. நாதஸ்வரமும் தவிலும், மண்டபத்தில் நானே பதிந்தது. நிறைய வாத்தியம் ஒன்றாக மோதும் ஒரு திரைப்பாட்டு.

தவில் அருமையான சோதனை. வலந்தலை இழுத்துக் கட்டியது, விரலில் கூடு மாட்டி அடிக்கிறார்கள், சுள்ளென்று வெட்டும். தொப்பி தளர்ந்தது, குச்சியால் அடிக்கிறார்கள், அதன் நாதம் கீழே உருண்டு போகும். நல்ல ஹெட்போனில் இரண்டும் தனித்தனி ஆளாக நிற்கும். பேஸை மட்டும் ஏற்றி வைத்த ஹெட்போனில் தொப்பி வீங்கி வலந்தலையை மூடும். நாதஸ்வரம் மேல் ஸ்தாயிக்குப் போகும்போது ஹெட்போனின் உச்ச ஒலியில் முள் இருந்தால் பல் கூசும்.

காரைக்குடியில் எல்லா மாடலும் பிரித்து வைத்துக் கேட்க விடமாட்டார்கள். மதுரை, திருச்சி, சென்னை போவதற்கு முன் கடைக்குப் போன் பண்ணி இந்த மூன்று மாடலும் கேட்டுப் பார்க்கும் நிலையில் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். வீடியோ வேலை செய்யும் நண்பர்களிடம் இரவல் வாங்கி ஒரு நாள் போட்டுப் பார்க்க முடிந்தால் அது இதைவிட நல்லது.

7. பாட்டே போடாமல் இருபது நிமிடம்

இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். ஹெட்போனைப் போடுங்கள், பாட்டு வேண்டாம், இருபது நிமிடம் இருங்கள். காது மடல் உள்ளே இருக்கும் துணியில் உரசுகிறதா, உச்சியில் ஒரு புள்ளியில் மட்டும் அழுத்துகிறதா, தாடைக்கு அருகில் பேட் தூக்கி நிற்கிறதா. கண்ணாடி போடுகிறவருக்கு அதன் கால் நெற்றிப் பொட்டில் அழுந்தும் வலி பத்து நிமிடத்துக்குப் பிறகுதான் தொடங்கும். என் அத்தை மகள் தோட்டைக் கழற்றி வைத்துவிட்டுச் சோதித்தாள், வீட்டில் தோட்டோடு போட்டபோது திருகாணி காதுக்குப் பின்னால் குத்தியது. தினமும் தோட்டைக் கழற்றிக்கொண்டிருக்க முடியுமா? வேறு வாங்கினோம், கிண்ணம் ஆழமானதாக.

காதைச் சுற்றி உட்காரும் வகையா, காதின் மேல் உட்காரும் வகையா என்பதும் இங்கேதான் முடிவாகும். மேலே உட்காரும் வகை சிறியது, லேசானது, ஒரு காதை விலக்கிக்கொண்டு ஆட்களோடு பேசலாம், கேமரா பக்கம் நிற்பவர்களுக்கு வசதி. ஆனால் மடலை அழுத்தும். கண்ணாடிக்காரர்களுக்கு நான் அதைச் சொல்வதில்லை.

புதிது கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கும், போகப் போகத் தளரும். வலி வேறு, இறுக்கம் வேறு. இருபது நிமிடத்தில் வலித்தால் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள், எவ்வளவு நல்ல ஒலியாக இருந்தாலும்.

8. காது அடைகிறதா என்ற சோதனை

மூடிய ஹெட்போனில் பேஸ் என்பது பேடுக்கும் உங்கள் தலைக்கும் நடுவில் சிறைப்பட்ட காற்றால்தான் வருகிறது. அந்தக் காற்று எங்காவது ஒரு இடுக்கு வழியாகக் கசிந்தால் தாழ்ந்த ஒலி முதலில் போய்விடும். கண்ணாடியின் கால், காதோர முடி, ஒட்டிய கன்னம், எதுவும் இடுக்கை உண்டாக்கும். ஒரே ஹெட்போன் ஒருவருக்கு "பேஸ் அதிகம்", இன்னொருவருக்கு "பேஸே இல்லை" என்று ஆவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். இணையத்தில் மதிப்புரை எழுதியவரின் தலை உங்கள் தலை இல்லை.

சோதனை: தவில் பதிவையோ 50 ஹெர்ட்ஸ் ஒலியையோ மெதுவான சத்தத்தில் போடுங்கள். இரண்டு உள்ளங்கையாலும் கிண்ணங்களை லேசாகக் காதோடு சேர்த்து அழுத்துங்கள். பேஸ் கூடினால் அதுவரை கசிந்துகொண்டிருந்தது என்று அர்த்தம். மேல் பட்டையின் நீளத்தைச் சரிசெய்து, முடியை ஒதுக்கிவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் கூடினால் அது உங்கள் தலைக்கு ஆகாது. கண்ணாடி போட்டுக்கொண்டே செய்யுங்கள்.

இந்தப் படியைத் தாண்டாத ஹெட்போனின் ஒலியைப் பற்றி யோசிப்பதே வீண். நீங்கள் கேட்பது அதன் ஒலியே இல்லை.

9. சத்த அளவைச் சமமாக்குங்கள்

முழு வேலையிலும் மிக முக்கியமான படி இதுதான். இரண்டில் எது கொஞ்சம் சத்தமாக ஒலிக்கிறதோ அதுதான் நம் காதுக்கு நல்லதாகத் தோன்றும். ஒரு டெசிபல் வித்தியாசத்தை "சத்தம் கூட" என்று உணர மாட்டோம், "தெளிவு கூட", "உயிர் இருக்கு" என்றுதான் உணர்வோம். நாலாவது படியில் கணக்குப் போட்டோமே, ஒரே வால்யூமில் ஹெட்போனுக்கு ஹெட்போன் பத்து டெசிபல்கூட மாறும். போனின் வால்யூமைத் தொடாமல் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டால் சத்தமான ஒன்றைத்தான் தேர்ந்தெடுப்பீர்கள். நான் முதன்முதலில் வாங்கியது அப்படித்தான். கடையில் மூன்றில் அதுதான் பளிச்சென்று இருந்தது, வீட்டில் சத்தத்தைக் குறைத்துக் கேட்டால் குரல் உள்ளே புதைந்து கிடந்தது.

கடையில் செய்யக்கூடிய வழி: ஆண் குரல் பேச்சைப் போடுங்கள். முதல் ஹெட்போனில் வசதியான அளவில் வைத்து வால்யூம் எத்தனையாவது கட்டம் என்று எழுதிக்கொள்ளுங்கள். அடுத்ததைப் போட்டு, அதே ஆள் அதே தூரத்திலிருந்து பேசுவது போல ஆகும்வரை சரிசெய்து அந்தக் கட்டத்தையும் எழுதுங்கள். மூன்றுக்கும் மூன்று எண். இனி ஹெட்போனை மாற்றும்போதெல்லாம் பாட்டு தொடங்குவதற்கு முன்பே அந்த எண்ணுக்குப் போய்விட வேண்டும். பேஸ் நிறைந்த பாட்டில் சமப்படுத்தாதீர்கள், பேஸ் அதிகமுள்ள ஹெட்போன் சத்தமாகத் தெரிந்து உங்களை ஏமாற்றும்.

வீட்டில் என்றால் இன்னும் துல்லியமாகச் செய்யலாம். ஒரு தடித்த அட்டையில் சிறு துளை போட்டு, இன்னொரு போனின் மைக் அந்தத் துளைக்கு நேராக வருமாறு வைத்து, அட்டையின் மறுபக்கத்தில் ஹெட்போன் கிண்ணத்தைக் கவிழ்த்து, 500 ஹெர்ட்ஸ் ஒலியைப் போட்டு, ஒலி அளக்கும் செயலியில் எண் சமமாகிற வரை வால்யூமைச் சரிசெய்யுங்கள். செயலி காட்டும் எண் உண்மையான டெசிபல் இல்லை. இரண்டும் சமம்தானா என்று பார்க்க அது போதும்.

10. இப்போதுதான் கேட்பது

ஒரே துண்டை முதலாவதில், இரண்டாவதில், திரும்பவும் முதலாவதில் கேளுங்கள். திரும்ப வரும்போதுதான் வித்தியாசம் தெரியும், காது புதிதுக்குப் பழகிவிட்டுத் திரும்புவதால். வரிசை: பேச்சு, பெண் குரல், தவில், கடைசியில் வாத்தியக் கூட்டம். பேச்சு இயல்பாக இல்லாத ஹெட்போனில் மற்றவற்றைக் கேட்க வேண்டியதே இல்லை. மனிதக் குரல் எப்படி இருக்கும் என்று நமக்குப் பிறந்ததிலிருந்து தெரியும், வேறு எந்த ஒலியையும் அவ்வளவு உறுதியாகத் தெரியாது.

பேச்சில் "டப்பாவுக்குள் இருந்து பேசுகிறார்" என்ற உணர்வு வருகிறதா என்று கவனியுங்கள். மூடிய வகையின் பரம்பரைக் குறை அது. டிரைவரின் பின்பக்கத்திலிருந்து போகும் ஒலி அடைத்த கிண்ணத்தில் மோதித் திரும்புகிறது, அதை உள்ளே சரியாக உறிஞ்சாவிட்டால் குரலில் ஒட்டிக்கொள்ளும்.

உடனடி மாற்றிக் கேட்பது முடிந்தபின், கடைசியாக நிற்கும் ஒன்றை மட்டும் தொடர்ந்து அரை மணி நேரம் கேளுங்கள். முதல் நிமிடத்தில் மினுமினுப்பாக இருந்தது அரை மணியில் தலைவலியாக மாறும் சில ஹெட்போன்களில். இந்தச் சோதனைக்குக் கடையில் இடம் கொடுக்கவில்லையென்றால், திருப்பிக் கொடுக்கும் வசதியோடு வாங்கி வீட்டில் செய்யுங்கள்.

11. உள்ளே வருவதும் வெளியே போவதும்

பாட்டை நிறுத்திவிட்டுக் கடை வாசலுக்கு வந்து ரோட்டோரம் நில்லுங்கள். ஹாரன் எவ்வளவு குறைகிறது, லாரி உறுமல் எவ்வளவு வருகிறது. சத்தம் நீக்கும் வசதி இருந்தால் அதைப் போட்டும் அணைத்தும் இரண்டு தடவை பாருங்கள். அந்த வசதி ஓடும்போதும் அணைந்திருக்கும்போதும் பாட்டின் நிறமே மாறும் ஹெட்போன்கள் உண்டு, வயர் போட்டால் இன்னொரு மாதிரி ஆகும். நீங்கள் எந்த நிலையில் அதிகம் கேட்பீர்களோ அந்த நிலையில்தான் ஒன்பதாவது, பத்தாவது படிகளைச் செய்திருக்க வேண்டும்.

கசிவுக்கு, வழக்கமான சத்தத்தில் பாட்டைப் போட்டு, கூட வந்தவரை ஒரு கை தூரத்தில் உட்காரச் சொல்லுங்கள். அவர் பாட்டின் வரியைச் சொன்னால் ரயிலில் உங்களுக்குப் பிரச்சினை.

வெளிச் சத்தத்தைத் தடுப்பதில் இன்னொரு பலன் உண்டு. வெளிச் சத்தம் குறைந்தால் வால்யூமைக் குறைவாக வைக்கலாம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். மூன்று டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும், 83-இல் 20 மணி நேரம்தான். பஸ் இரைச்சலை மீறிக் கேட்க வால்யூமை ஏற்றுகிறவர்கள் இந்த அளவைச் சில நாட்களிலேயே தாண்டிவிடுவார்கள். இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது, காது போனால் என் பிழைப்பே போய்விடும்.

12. மடிப்பு, வயர், பேட்

மடிகிறதா, வெறுமனே திரும்பித் தட்டையாகிறதா என்று கையில் வாங்கிப் பாருங்கள். சோனி எக்ஸ்எம்4 மடியும், அடுத்து வந்த எக்ஸ்எம்5 மடியாது, பைக்குள் இடம் அதிகம் பிடிக்கும். டிடி 770 ப்ரோவும் மடியாது.

வயர் கழற்றி மாட்டும்படி இருக்கட்டும். ஹெட்போனில் முதலில் சாவது வயர்தான், கழலாத வயர் போனால் சால்டரிங் கடைக்குத்தான் போக வேண்டும். எம்50எக்ஸ், எம்40எக்ஸ் இரண்டிலும் கழலும், எம்20எக்ஸில் கழலாது. அதோடு எம்20எக்ஸின் வயர் 3 மீட்டர், மேசைக்கு நல்லது, பஸ்ஸில் காலில் சுற்றும். கழலும் வயரிலும் அந்த முனை பொதுவான அளவா, அந்த நிறுவனத்துக்கே உரிய பூட்டா என்று பாருங்கள்.

பேட் தனியாகக் கிடைக்கிறதா, என்ன விலை என்று ஹெட்போன் வாங்குவதற்கு முன்பே தேடிப் பாருங்கள். நம் ஊர் வெக்கைக்கும் வியர்வைக்கும் செயற்கைத் தோல் பேட் சீக்கிரம் உரிய ஆரம்பிக்கும். வெல்வெட் மாதிரித் துணிப் பேட் வெயிலுக்கு இதம், ஆனால் கொஞ்சம் கசியும், பேஸும் தடுப்பும் சற்றுக் குறையும். பேடை மாற்றினால் ஒலியும் மாறும் என்பதால் முடிந்தவரை அதே நிறுவனத்தின் பேடையே போடுங்கள்.

13. வாங்கிய முதல் வாரம்

பாதி விலைக்குக் கிடைத்தால் வாங்காதீர்கள், பிரபலமான மாடல்களுக்கெல்லாம் போலி உண்டு. பில், திருப்பிக் கொடுக்கும் நாள் கணக்கு இரண்டையும் பெட்டியோடு வையுங்கள். முதல் வாரம் நீங்கள் அந்தத் தாளில் எழுதிய எல்லா இடத்திலும் போட்டுப் பாருங்கள், திருப்பும் நாள் முடிவதற்குள்.

ஒலியில் ஏதோ குறை என்று தோன்றினால் முதலில் வயரின் பின் (போனில் செருகும் முனை) முழுக்க உள்ளே போயிருக்கிறதா என்று பாருங்கள். தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி கொண்டு வந்து, "அண்ணே, மியூசிக் மட்டும்தான் வருது, பாடுறவங்க குரலே வரல" என்றான். போனின் தடித்த பின்கவர் தடுத்ததால் பின் ஒரு மில்லி மீட்டர் வெளியே நின்றது. அப்போது தரை இணைப்பு விட்டுப்போய், இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் ஒலிக்கும், நடுவில் நிற்கும் குரல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கவரைக் கழற்றியதும் குரல் வந்துவிட்டது. அவன் அதை அன்றே திருப்பி அனுப்ப இருந்தான்.

இடது வலது மாறிப் போட்டிருப்பதும் சகஜம். கிண்ணங்கள் காதின் சாய்வுக்கேற்ப இருப்பதால் மாற்றிப் போட்டால் அடைப்பும் கெடும்.

"நூறு மணி நேரம் ஓடவிட்டால் ஒலி திறக்கும்" என்பதை நம்பித் திருப்பும் நாளைத் தவறவிடாதீர்கள். மாறுவது பெரும்பாலும் பேடின் மென்மையும் உங்கள் காதின் பழக்கமும்தான். முதல் வாரத்தில் பிடிக்காதது பிடிக்காதது.

14. வெயில், எண்ணெய், வியர்வை

தலையில் எண்ணெய் வைத்த அன்று ஹெட்போனைப் போட வேண்டாம், சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் என்றால் தலை நன்றாகக் காய்ந்த பிறகு. எண்ணெயும் வியர்வையும் சேர்ந்துதான் பேடின் மேல் பூச்சைத் தின்னும். கழற்றியதும் உலர்ந்த மெல்லிய துணியால் பேடையும் மேல் பட்டையையும் துடையுங்கள், ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள், தோல் வெடிக்கும்.

சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். பேடை ஒட்டிய பசை இளகும், ப்ளூடூத் வகையில் பேட்டரியும் ஆயுள் இழக்கும். வருடத்துக்கு ஒரு தடவை எட்டாவது படியில் சொன்ன உள்ளங்கைச் சோதனையை மறுபடி செய்யுங்கள். அழுத்தும்போது பேஸ் கூடத் தொடங்கிவிட்டால் பேட் தட்டையாகிவிட்டது, புது ஜோடி பேட் வாங்கிப் போடுங்கள்.